வரலாற்று வினாடி வினா: முதல் முறையாகக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு

பள்ளி ஆண்டு விழாவுக்கோ நூலக வார விழாவுக்கோ வரலாற்று வினாடி வினா நடத்தித் தரச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் ஒரு பொது அறிவுக் கையேட்டைப் புரட்டி ஐம்பது கேள்விகளை அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்கிறார்கள். "முதல் பானிபட் போர் நடந்த ஆண்டு எது?" என்று கேட்டால் 1526 என்று மனப்பாடம் செய்தவர் உடனே சொல்லிவிடுவார். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கேள்வியில் யாருக்கும் யோசிக்க இடமில்லை. பத்துக் கேள்வி இப்படிப் போனால் அரங்கில் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

நல்ல கேள்விக்கு அடையாளம் வேறு. அணியினர் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். பதில் தெரியாதவர்கூட விடையைக் கேட்டதும் "அட, யோசித்திருந்தால் வந்திருக்குமே" என்பார். அப்படிப்பட்ட கேள்வியை எழுதுவது பழகிக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான்.

எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம்

இரண்டு மணி நேர நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். எழுத்துச் சுற்றுக்கு (எல்லோரும் பிரிலிம்ஸ் என்பதுதான்) 20 கேள்விகள் போதும். ஒரு கேள்விக்கு 45 வினாடி என்றால் 15 நிமிடம். எல்லாவற்றையும் ஒருமுறை வேகமாகத் திரும்பக் காட்ட 5 நிமிடம். தாள்களைத் திருத்த 15 நிமிடம். அந்த நேரத்தில் மேடையில் விடைகளைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், அரங்கு சோர்ந்துபோகாது. இறுதிச் சுற்றுக்கு ஆறு அணிகள், 36 கேள்விகள். கேள்வியை வாசிப்பது, யோசிப்பது, விடை, ஒரு வரி விளக்கம் எல்லாம் சேர்ந்து சராசரி 2 நிமிடம். ஆக 72 நிமிடம். மொத்தம் 107 நிமிடம் ஆகிறது. மீதி 13 நிமிடம் அணிகள் இடம் மாறி உட்காரவும், சமன் முறிக்கவும், மைக் தகராறுக்கும் போய்விடும். இதற்கு மேல் ஒரு கேள்வியைக்கூடச் சேர்க்காதீர்கள்.

ஆனால் எழுதும்போது 56 மட்டும் எழுதினால் போதாது. 80 எழுதுங்கள். சரிபார்ப்பில் குறைந்தது பத்து விழும், சோதனையில் இன்னும் சில விழும், ஐந்து உபரியாகக் கையில் இருக்க வேண்டும்.

எழுத்துச் சுற்றின் 20 கேள்விகளில் ஐந்துக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். ஆறாவது இடத்துக்கு இரண்டு அணிகள் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் நட்சத்திரக் கேள்விகளில் அதிகம் எடுத்த அணி மேலே போகும். இதை முதல் கேள்விக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். நட்சத்திரம் போடுவது கடினமான, அதே சமயம் விடையில் எந்தச் சச்சரவும் வராத கேள்விக்கு.

விடையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

கேள்வியை யோசித்துவிட்டு விடை தேடுவது புதியவர்களின் வழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள். கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல், ஊர், பொருள் அல்லது பெயரை விடையாக வைத்துக்கொண்டு, அதற்கு அவர் அறியாத பாதையைக் கேள்வியாக்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. கையேட்டுக் கேள்வி இப்படி வரும்: "எம்டன் சென்னையைத் தாக்கிய ஆண்டு எது?" இதில் எழுதத் தகுந்த விஷயமான கப்பல் கேள்விக்குள் போய்விட்டது, எண் மட்டும் விடையாக மிஞ்சுகிறது.

புரட்டிப் போடுவோம். "1914இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எது?" கொஞ்சம் மேல். ஆனாலும் இது தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை என்ற வகைதான்.

மூன்றாவது வடிவம்: "ஒரு சொல்லைக் கேட்கிறேன். ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். 1914 செப்டம்பரில் ஓர் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த பிறகு தமிழ்ப் பேச்சில் புகுந்தது. எமகாதகன், பலே ஆள் என்று சொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பயன்படுத்துவார்கள். என்ன சொல்?" கப்பலின் பெயர் தெரியாத மாணவிகூடத் தாத்தா பேச்சை நினைத்துப் பிடித்துவிட முடியும். விடை சொன்னதும், உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்தத் தாக்குதலின் நினைவுப் பலகை இருக்கிறது என்ற ஒரு வரி விளக்கத்தைச் சேர்த்தால் போதும். இதே கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை பல இடங்களில் உண்டு. அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. அதைக் கேள்விக்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. "ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்கிறேன். 1718இல் கனெடிகட் பகுதியில் பணமில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் வந்து சேர்ந்தன. அனுப்பியவர் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது." விடை யேல். இந்தக் கேள்வியில் மூன்று கதவுகள் இருக்கின்றன. கனெடிகட் தெரிந்தவர் அந்த வழியாக வருவார். சென்னை வரலாறு படித்தவர் எலிஹு யேலை நினைப்பார். இரண்டும் தெரியாதவர், மனிதர் பெயரால் அமைந்த பழைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எண்ணிப் பார்த்து ஹார்வர்டா யேலா என்ற இடத்துக்காவது வந்து நிற்பார். ஒரு கேள்விக்குக் குறைந்தது இரண்டு கதவு வையுங்கள்.

நான்கு விருப்பத் தெரிவு கொடுக்கும் கேள்வியில் தவறான மூன்றையும் விடையைத் தேர்ந்தெடுத்த அதே கவனத்தோடு எழுத வேண்டும். "இவற்றில் முதலாம் ராஜராஜன் சுவைத்தே இருக்க முடியாதது எது: இஞ்சி, மிளகு, புளி, மிளகாய்?" மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1492க்குப் பிறகே கடல் கடந்தது, போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்தது. மிளகைப் போல் உறைத்ததால் மிளகாய் என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம். இந்தக் கேள்வி நன்றாக ஓடும். ஆனால் யாராவது எழுந்து "புளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே" என்பார். அதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்: குறுந்தொகை 167ஆம் பாடலிலேயே தலைவி தயிர் பிசைந்து சமைக்கும் புளிப்பாகு வருகிறது, ராஜராஜனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன். தவறான தெரிவு ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று உங்கள் தாளில் ஒரு வரி எழுதி வைத்திருங்கள். அந்த வரியை எழுத முடியாத தெரிவை எடுத்துவிடுங்கள்.

காலத்தை உணரவைக்கும் கேள்விகளும் நன்றாக எடுபடும். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. கீசாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன். மனிதன் நிலவில் இறங்கியது அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பின். "கிளியோபாட்ராவின் காலத்துக்கு எது அருகில்?" என்று கேட்டால் அரங்கம் பிரமிடு என்றே கத்தும்.

தமிழில் கேட்பதற்கென்று சில வேலைகள்

ஆங்கிலக் கேள்வித் தாளைப் பார்த்து மொழிபெயர்த்தால் கேள்வி செத்துவிடும். காரணம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினைச்சொல்லும் வினாச்சொல்லும் கடைசியில் வருகின்றன. நாற்பது சொல் ஓடிய பிறகுதான் கேட்டது ஊரா, ஆளா, ஆண்டா என்று தெரியும். அதற்குள் முதல் பாதி மறந்துபோகும். அதனால் முதல் வாக்கியத்திலேயே "ஓர் ஊரின் பெயரைக் கேட்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு துப்புகளைக் கடினமானதிலிருந்து எளியதற்கு அடுக்குங்கள். ஒரு வாக்கியம் 12 சொல்லைத் தாண்ட வேண்டாம். முழுக் கேள்வி 45 சொல்லுக்குள் இருக்கட்டும்.

தமிழ் நமக்குத் தரும் ஒரு வசதியும் உண்டு. மரியாதைப் பன்மையில் ஆண் பெண் தெரியாது. "1988 ஜனவரியில் 24 நாள் மட்டும் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவர் யார்?" என்று கேட்டால், பலரும் ஆண் முதல்வர்களின் வரிசையிலேயே தேடுவார்கள். விடை வி.என். ஜானகி. அடுத்த கேள்வியாகவே "தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார்?" என்று வைத்தால் முந்தைய விடையை மறந்துவிட்டு ஜெயலலிதா என்பவர்களும் இருப்பார்கள். அதே மரியாதைப் பன்மை நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்: "அவர்" என்றால் ஆள், "அது" என்றால் பொருள். விடை ஒரு கப்பல் என்பதை மறைக்க வேண்டுமானால் வாக்கியத்தைச் சுட்டுப்பெயர் இல்லாமல் அமைக்க வேண்டும்.

சொற்களே கேள்வியாகும் சுற்று ஒன்று எப்போதும் வெற்றி பெறும். "ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை: நான்கும் எந்த மொழிக்காரர்கள் நம் வீட்டில் விட்டுப்போனவை?" போர்ச்சுகீசு. எதிர்த்திசையில் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போன கதையையும் கேட்கலாம்.

"முதல்" என்று எழுதும் முன் வேலி போடுங்கள்

வினாடி வினா மேடைகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி "முதல்" என்ற ஒரு சொல்லால் வருகிறது. அந்தச் சொல் வரும் ஒவ்வொரு கேள்வியிலும் எங்கே, எதில், யாருக்குள் முதல் என்று வேலி போட வேண்டும்.

"இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் யார்?" கையேடுகளில் நூறு முறை பார்த்திருப்பீர்கள். 1773 ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வங்காளத்தின் கவர்னர் ஜெனரலானவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1833 சாசனச் சட்டத்துக்குப் பிறகு "இந்தியாவின்" என்ற அடைமொழியோடு பதவி வகித்த முதல்வர் வில்லியம் பெண்டிங். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் இருந்தவர் மவுண்ட்பேட்டன். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் ஒரே இந்தியரும் ராஜாஜி. ஒரே கேள்விக்கு நான்கு அணிகள் நான்கு விடை சொல்லி நான்கும் நியாயமாக நிற்கும்.

முதல் தமிழ் அச்சு நூலும் அப்படித்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான நூலில் மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் எழுத்திலேயே அச்சானது 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். "தமிழ் எழுத்துகளில்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் சண்டை தீர்ந்தது. முதல் ரயிலுக்கு "பயணிகள்" என்ற சொல் வேண்டும். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது பயணிகள் ரயில். அதற்கும் முன்பே 1830களில் செங்குன்றம் பக்கமிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் சுமக்கத் தண்டவாளம் போட்டிருந்தார்கள்.

முத்துலட்சுமி ரெட்டியை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று எழுதும் கையேடுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவர் பிறந்தது 1886. அதே ஆண்டில்தான் ஆனந்திபாய் ஜோஷி ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். முத்துலட்சுமிக்கு உரிய "முதல்" வேறு: 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் சென்ற அவர், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். அவருக்குப் பொய்யான பெருமை தேவையில்லை, உண்மையானதே போதுமான அளவு பெரியது.

வேலியைச் சரியாகப் போட்டால் "முதல்" நல்ல பொறியாகவும் ஆகும். "இந்தியாவில் பிறந்தவர்களில் முதன்முதலில் நோபல் பரிசு பெற்றவர் யார்?" எல்லோரும் தாகூர், 1913 என்பார்கள். கேள்வி பிறந்த இடத்தைப் பற்றியது. அல்மோராவில் பிறந்த ரொனால்ட் ராஸ் 1902இலேயே மருத்துவத்துக்காகப் பெற்றுவிட்டார். பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங் 1907இல் இலக்கியத்துக்காக. இதை வாசிக்கும்போது "பிறந்தவர்களில்" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அணியைத் தந்திரத்தால் வீழ்த்தியதாகத் தோன்றக் கூடாது.

"மிகப் பெரிய", "எத்தனை" என்ற சொற்கள் வேறு வகையில் ஆபத்தானவை. அவை பழசாகிவிடும். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்று அச்சிட்ட புத்தகங்கள் கடையில் கிடக்கின்றன. 2019இல் ஐந்து புதிய மாவட்டங்கள், 2020இல் மயிலாடுதுறை என்று எண்ணிக்கை 38 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட கேள்வியைத் தவிர்க்க முடியாவிட்டால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மறுபடி பாருங்கள்.

தேதிகளில் விழும் குழிகள்

ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடினார்கள். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 13 நாள் பின்தங்கியிருந்தது. அங்கே 1917 அக்டோபர் 25, மற்ற நாடுகளில் நவம்பர் 7. பிரிட்டன் 1752இல்தான் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது: செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு தொடங்கியது மார்ச் 25இல். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஆண்டே மாறிவிடுகிறது பாருங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆவணங்களும் 1752 வரை இதே பழைய கணக்கில்தான் எழுதப்பட்டன. அதனால் 1752க்கு முந்தைய ஆங்கிலேயரின் தேதியையும் பிரெஞ்சுக்காரரின் தேதியையும் ஒரே கேள்வியில் "எது முதலில்?" என்று ஒப்பிட்டால், சில நாள் வித்தியாசத்தில் விடை தலைகீழாகிவிடலாம். அந்தக் காலத்துக்கு ஆண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கல்வெட்டுகளில் வேறு சிக்கல். அங்கே இருப்பது மன்னரின் ஆட்சியாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை ராஜராஜன் கொடுத்தது தன் இருபத்தைந்தாவது ஆண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர் அரியணை ஏறியது 985இன் நடுவில். முதல் ஆட்சியாண்டு 985 நடுவிலிருந்து 986 நடுவரை. அப்படியானால் இருபத்தைந்தாவது ஆண்டு 1009 நடுவில் தொடங்கும். அதன் 275ஆம் நாள், ஒன்பது மாதம் கழித்து, 1010இன் முன்பகுதியில் விழும். பலர் 985ஓடு 25ஐக் கூட்டி 1010 என்கிறார்கள். விடை இங்கே தற்செயலாகப் பொருந்திவிட்டது. அதே கூட்டலை வேறு கல்வெட்டில் செய்தால் ஓராண்டு பிசகும். கூட்ட வேண்டியது ஆட்சியாண்டில் ஒன்று குறைத்துத்தான்.

கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ஜிய ஆண்டு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கி.மு. 5இலிருந்து கி.பி. 5 வரை ஒன்பது ஆண்டுகள்தான். பெயரையும் நம்பக் கூடாது: நூறாண்டுப் போர் 1337 முதல் 1453 வரை, 116 ஆண்டு.

சரிபார்ப்பு

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் வேண்டும். இணையத்தில் ஒரே பிழை முப்பது இடங்களில் ஒரே சொற்களில் இருக்கும். அதை முப்பது ஆதாரம் என்று எண்ணாதீர்கள், ஒன்றுதான். விக்கிப்பீடியா கட்டுரையைப் படித்தால் அடிக்குறிப்புக்குப் போய், அது சுட்டும் நூலைத் திறந்து பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்களே படமாகக் கிடைக்கின்றன. கல்வெட்டுச் செய்திக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எட்டும் தூரம்தான்.

கேட்டதுமே சுவையாக இருக்கும் செய்தியை இரண்டு மடங்கு சந்தேகியுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழுகிறது, காலையிலோ மாலையிலோ போய் நின்றால் கண்ணால் பார்க்கலாம். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நெப்போலியன் குள்ளர் என்பதற்குக் காரணம் அளவுக்கோல்: 5 அடி 2 அங்குலம் என்று பதிவானது பிரெஞ்சு அளவில். பிரெஞ்சு அங்குலம் பெரியது. நம் கணக்கில் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர் வரும். இத்தகைய செய்திகளை "இது உண்மையா, கட்டுக்கதையா?" என்ற சுற்றாகவே வைக்கலாம். ஆனால் அது ஏன் பரவியது என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னர்களை இன்றைய சாதிகளோடு முடிச்சுப்போடும் கேள்வி எதையும் எழுதாதீர்கள். ஆதாரமும் நிற்காது, அரங்கும் உடைந்துபோகும். படுகொலை, பஞ்சம், புயல் சாவு பற்றிய கேள்விகளைச் சிரிப்புச் சுற்றில் வைக்க வேண்டாம்.

விடைத்தாளில் நான்கு பத்திகள்

விடையை மட்டும் எழுதி வைத்தால் மேடையில் தடுமாறுவீர்கள். விடை, ஏற்கலாம், மேலும் கேள், ஏற்காதே என்று நான்கு பத்தி போடுங்கள். வந்தவாசிக்கு வாண்டிவாஷ் ஏற்கலாம். தரங்கம்பாடிக்கு டிராங்க்விபார் ஏற்கலாம். "குலோத்துங்கன்" என்று மட்டும் சொன்னால் மூவர் இருக்கிறார்கள், "எந்தக் குலோத்துங்கன்?" என்று மேலும் கேட்க வேண்டும். ரூஸ்வெல்ட் இருவர், காந்தி பலர். ஒரு அணியிடம் மேலும் கேட்டுவிட்டு இன்னொரு அணிக்கு அப்படியே மதிப்பெண் கொடுத்தால் அதைவிடப் பெரிய அநீதி இல்லை. அதனால்தான் இதை வீட்டிலேயே முடிவுசெய்து எழுதி வைப்பது.

பகுதி மதிப்பெண் உள்ள கேள்விக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். "இந்தக் கடற்கரைக் குடியேற்றங்களைக் கால வரிசையில் அடுக்குங்கள்: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர், சென்னையில் ஆங்கிலேயர்." பழவேற்காடு 1610 அளவில், தரங்கம்பாடி 1620, சென்னை 1639, புதுச்சேரி 1674. முழு வரிசைக்கு 10. முதலும் கடைசியும் மட்டும் சரியானால் 5. இடையில் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாக யாராவது வாதாடினாலும் வரிசை குலையாது. வரிசைக் கேள்விக்கு இப்படி இடைவெளி அகலமான ஆண்டுகளையே எடுங்கள்.

அடுக்கிப் பார்த்தல், சோதனை

கேள்விகளைத் தலைப்பு வாரியாக எண்ணுங்கள். 36இல் 20 சோழர்களைப் பற்றி இருந்தால் அது பொது வரலாற்று வினாடி வினா ஆகாது. தமிழகம், இந்தியா, உலகம், சொல்லும் உணவும் போன்ற அன்றாட வரலாறு என்று கலந்து வையுங்கள். ஒரு கேள்வியின் வாசகம் இன்னொன்றின் விடையைக் கசியவிடுகிறதா என்று முழுத் தாளையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். இந்தப் பிழை ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கிறது. படக் கேள்வியில் மூலையில் இருக்கும் தலைப்பு, நீர்முத்திரை, கல்லறைப் பெயர்ப்பலகை ஆகியவை விடையைச் சொல்லிவிடும், வெட்டுங்கள்.

போட்டியில் கலந்துகொள்ளாத இரண்டு பேரை உட்கார வைத்து வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் நன்றாகப் படிக்கிறவர், மற்றவர் சாதாரண ஆர்வலர். இருவரும் உடனே சொன்னால் கேள்வி எளிது, எழுத்துச் சுற்றின் முதல் ஐந்துக்குள் போகும். இருவரும் சொல்லாமல், விடையைக் கேட்ட பிறகும் முகம் மாறாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஒருவர் தப்பாகச் சொல்லி, அந்தத் தப்பும் ஒருவகையில் சரி என்று தோன்றினால் வேலி போதவில்லை என்று பொருள். எழுத்துச் சுற்றில் முதலிடம் 14, 15 எடுக்க வேண்டும், சராசரி அணி 8 எடுக்க வேண்டும் என்ற கணக்கில் கடினத்தைச் சரிசெய்யுங்கள்.

மேடையில்

சுற்றிவரும் முறைதான் புதியவர்களுக்கு ஏற்றது. முதல் கேள்வி முதல் அணிக்கு. தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு நகரும். மூன்றாம் அணி சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி நான்காம் அணியிலிருந்து தொடங்கும். பழைய முறையில் "உங்கள் கேள்வி, எங்கள் கேள்வி" என்று ஒதுக்கும்போது, பலவீனமான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இலவசமாகக் கேள்விகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 18 கேள்வி முடிந்ததும் திசையைத் திருப்பினால் மீதி அநியாயமும் குறையும். யாருமே சொல்லாத கேள்விக்குப் பிறகு எங்கிருந்து தொடர்வது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

முறை வராத அணி எழுதிக் கொடுத்து முந்திக்கொள்ளும் ஏற்பாட்டையும் சேர்க்கலாம்: சரியானால் 10, தவறானால் 5 கழிவு. ஆங்கிலத்தில் இந்த இரண்டு முறைக்கும் உள்ள பெயர்களை (pounce, bounce) தமிழில் எழுதினால் இரண்டுமே "பவுன்ஸ்" என்றுதான் வரும், காதுக்கும் ஒன்றாகவே கேட்கும். "எழுதித் தருவது", "சுற்றிவருவது" என்று சொல்லுங்கள், குழப்பம் வராது.

கேள்வியை இருமுறை, ஒரே வேகத்தில் வாசியுங்கள். திரையில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. முதல் அணிக்கு 30 வினாடி, நகர்ந்த பிறகு ஒவ்வோர் அணிக்கும் 10 வினாடி. மதிப்பெண் எழுதத் தனி ஆள் வேண்டும்; கேள்வி கேட்பவரே கூட்டினால் எங்காவது பிசகும். ஒவ்வொரு ஆறு கேள்விக்கும் மதிப்பெண்ணை உரக்க வாசியுங்கள். பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், கடைசியில் வெடிக்காது.

யாராவது எதிர்த்தால் முகத்தைச் சுளிக்காமல் ஆதாரத்தைக் கேளுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பிருந்தால் அந்தக் கேள்வியை ரத்து செய்து, அதே அணியிடம் உபரிக் கேள்வி ஒன்றைப் போடுங்கள். நடுவர் தீர்ப்பே இறுதி என்ற விதி, தப்பைக் காப்பாற்றுவதற்காக வைத்ததில்லை, நேரத்தைக் காப்பாற்றத்தான்.

முதலிடத்துக்குச் சமன் வந்தால் எண் கேள்வி: விடைக்கு மிக அருகில் எழுதும் அணி வெல்லும். "1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார் ராஜாஜி" என்று தேதிகளைச் சொன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவார்கள். தேதிகளைச் சொல்லாமல் "ராஜாஜி எத்தனை நாள் கவர்னர் ஜெனரலாக இருந்தார்?" என்று மட்டும் கேளுங்கள். பதவியேற்றதிலிருந்து குடியரசு நாள் வரை 584 நாள். இரண்டு அணியும் ஒரே நேரத்தில் தாளை நீட்ட வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே விடைத்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எத்தனை அணி சொன்னது, என்ன தப்பு விடை வந்தது என்று குறித்து வையுங்கள். மூன்று அணிகள் ஒரே தப்பைச் சொல்லியிருந்தால் அந்தத் தப்பிலிருந்து அடுத்த ஆண்டுக்கான கேள்வியை எழுதலாம்.